அழுத ராம்போ, சுட்ட ராம்போ

ராம்போ என்றதும் இன்று மனத்தில் எழுவது ஒரு போஸ்டர்தான்: நெற்றியில் சிவப்புத் துணி, முறுக்கேறிய வெற்று மார்பு, கையில் இயந்திரத் துப்பாக்கி. தமிழ்ப் படங்களின் சண்டைப் பயிற்சியாளர் ராஜ்குமாரின் பெயருக்கு முன்னால்கூட ராம்போ ஒட்டிக்கொண்டது. ஆனால் 1982-இல் வந்த முதல் படமான 'ஃபர்ஸ்ட் பிளட்'டில் நாம் பார்ப்பவன் வேறு ஆள்.

அந்த ஜான் ராம்போ, தோளில் பையோடு நடந்து வருகிறான். வியட்நாமில் உடன் இருந்த நண்பனைத் தேடிப் போனால், அவன் புற்றுநோயில் செத்துவிட்டான் என்கிறார்கள். காடுகளை அழிக்க அமெரிக்க ராணுவமே தெளித்த ரசாயனம் தந்த நோய். அடுத்த ஊரில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்பவனை, ஷெரீஃப் டீசில் காரில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுகிறார். திரும்பி நடந்தான் என்பதற்காகக் கைது. காவல் நிலையத்தில் சவரக்கத்தியைக் கண்டதும் போர்க் கைதியாகப் பட்ட வதை கண்முன் வர, எல்லாரையும் அடித்துத் தள்ளிவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறான். அத்தனை துரத்தலுக்கும் நடுவே திரையில் தெளிவாகக் காட்டப்படும் சாவு ஒன்றே ஒன்று. ஹெலிகாப்டரிலிருந்து சுடுபவனிடமிருந்து தப்ப இவன் கல்லெறிய, அவன் தவறி விழுகிறான். முடிவில், ராணுவத்தில் தன்னைப் பயிற்றுவித்த கர்னல் டிராட்மன் முன்னால் உடைந்து அழுகிறான். போரில் லட்சக்கணக்கில் விலைபெறும் கருவிகளை நம்பிக் கொடுத்தார்கள், ஊரில் கார் நிறுத்துமிட வேலைகூடத் தரவில்லை என்பது அவன் முறையீடு. டேவிட் மொரெல் 1972-இல் எழுதிய மூல நாவலில் ராம்போ சாகிறான். படத்துக்கும் அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டது. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்குப் பிடிக்காததால் அவனை உயிரோடு விட்டார்கள்.

பிழைத்ததால்தான் 1985-இல் இரண்டாம் பாகம் வந்தது. ஜேம்ஸ் கேமரூன் எழுதிய திரைக்கதையை, ராம்போவாக நடித்த ஸ்டாலோன் திருத்தி எழுதினார். முதல் படத்தில் நடந்தவற்றுக்காகச் சிறையில் கல் உடைப்பவனை வியட்நாமுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இந்த முறையாவது ஜெயிக்க விடுவார்களா என்பதே அவன் கேள்வி. வெடிக்கும் அம்புகள், சோவியத் படை, எண்ணி மாளாத பிணங்கள். நிஜத்தில் தோற்ற போரைத் திரையில் ஜெயித்துக் கொடுத்த படம் அது. அமெரிக்கா கொண்டாடியது, அதிபர் ரீகனே ராம்போவைச் சொல்லி வேடிக்கையாகப் பேசினார்.

சேற்றுச் சுவரிலிருந்து ராம்போ கண் திறக்கும் காட்சியின் நேர்த்தியை நான் மறுக்கமாட்டேன். கைவிடப்பட்டவனின் கோபமும் அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. ஆனால் முதல் படம் அமெரிக்காவின் குற்றவுணர்வைத் தொட்டது, இது அதைத் துடைத்து எடுத்தது. அதன்பின் ஆப்கானிஸ்தான், பர்மா, மெக்சிகோ என்று எதிரிகள் மாறினார்களே தவிர, தடம் 1985 போட்டதுதான். ஊர் திரும்பிய சிப்பாய்க்கு வேலை எங்கே, மருத்துவம் எங்கே என்ற கேள்வியை அந்தத் தொடர் மீண்டும் அந்த அழுத்தத்தோடு கேட்கவே இல்லை.

இன்னும் பார்க்காதவர்கள் 1982-லிருந்து தொடங்குங்கள். கடைசியில் அவன் அழும்போது ஓட்டிவிடாமல் முழுதாகக் கேளுங்கள்.