நிலத்திற்கு ஓய்வும் உடையவருக்கு வாடகையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கொலராடோ மாகாணத்தின் தென்கிழக்குக் கோடியில் பாக்கா என்னும் கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது ஏறக்குறைய நமது ஜில்லாவைப் போன்றதொரு பிரிவு. மழை குறைந்த புல்வெளிப் பிரதேசமாகிய இதனை, முதல் உலக யுத்தத்தில் கோதுமை விலை ஏறியது முதற்கொண்டு, குடியானவர்கள் மேன்மேலும் உழுது பயிரிடலாயினர். 1930-க்குப் பின் மழை பல வருஷங்கள் பொய்க்கவே, புல்வேரின் பிடிப்பை இழந்த மேல்மண் காற்றில் எழுந்து வேலிகளையும் வண்டிப்பாதைகளையும் மூடிற்று. 1935-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி வீசிய புழுதிப் புயலில் பகலே இருளாயிற்று. அம்மாதம் 27-ந் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. அதற்கென அமைந்த இலாகாவுக்கு ஹியூ பென்னட் என்பவர் முதல் தலைவரானார். மறு வருஷமே, மண்ணை மெலிவிக்கும் பயிரை விட்டு மண்ணைக் காக்கும் பயிருக்கு மாறுவோருக்குப் பணம் கொடுக்கவும் சட்டம் செய்யப்பட்டது.

பின்னர் ஏற்பட்ட மானியங்களுள் பெரியது, 1985-ம் வருஷத்துச் சட்டத்தின்படி வந்த பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டமாகும். இதனை இனாம் என்று எண்ணுவது பிசகு. எளிதில் அரிக்கும் நிலத்தை உடையவர், 10 முதல் 15 வருஷம் வரை அதில் தானியம் பயிரிடாமல் புல்லோ மரமோ வைத்துக் காப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். சர்க்கார் பிரதி வருஷமும் ஏக்கருக்கு இவ்வளவென்று வாடகை தருவதுடன், புல் விதைக்கும் செலவிலும் பாதி வரை ஏற்றுக்கொள்கின்றனர். வாடகையின் உச்ச அளவு, மண்ணின் தரத்தையும் அவ்வூர் மானாவாரிக் குத்தகையையும் ஒட்டி நிர்ணயிக்கப்படுகிறது. பொது மனுக்கள் கோரும் காலங்களில், அரிப்பு எவ்வளவு குறையும், நீருக்கும் காட்டுப் பிராணிகளுக்கும் என்ன நன்மை என்று மதிப்பெண் இட்டு, கேட்கும் தொகையையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ஒப்பந்தத்தை இடையில் முறிப்பவர் கதி என்ன? கணக்கிற்காக, 100 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40 டாலர் வாடகை என்று கொள்வோம். ஐந்து வருஷம் வாங்கிய பின் ஒருவர் அந்நிலத்தை உழுதுவிட்டால், வாங்கிய 20,000 டாலரையும் வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு வருஷ வாடகையில் நாலில் ஒரு பங்காகிய 1,000 டாலர் நஷ்ட ஈடும் உண்டு. புல் விதைக்கப் பெற்ற உதவியும் திரும்பிப் போகும். ஆகவே கையெழுத்திடுமுன் பத்து வருஷத்தையும் யோசித்தாக வேண்டும். கடும் வறட்சியில் அனுமதி பெற்று மாடு மேய்க்கவும் வைக்கோற்புல் அறுக்கவும் இடம் கொடுக்கப்படுகிறது.

குத்தகைக் குடிகள் விஷயம் இன்னும் நுட்பமானது. நிலம் ஓய்வெடுத்தால் வாடகை உடையவர் கைக்குப் போகும். உழுதவனுக்கு வேலை போகும். இதை உத்தேசித்தே, குத்தகைதாரர், வாரதாரர் நலன்களைக் காத்து, பணத்தை நியாயமாகப் பங்கிட வேண்டுமென்று சட்டத்தில் கண்டிருக்கிறது. ஆயினும் குத்தகைக் காலம் முடிந்து வெளியேறியவனுக்கு இது எவ்வளவு பயன்படும் என்பது சந்தேகமே. விதை, உரம் விற்போரும் தானிய வியாபாரிகளும் ஒருங்கே நொடிந்துபோகாதபடி, ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் 25 சதவிகிதத்திற்கு மேல் சேர்க்கலாகாது என்பது பொது விதி. மேற்பார்வையில் குடியானவர்களே தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் கமிட்டிக்கும் பங்கு உண்டு.

திட்டத்தின் பலவீனம் தவணை முடிவில் தெரிகிறது. 2007-ல் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இவ்வாறு ஓய்வில் இருந்தது. மக்காச்சோளமும் கோதுமையும் விலை ஏறவே, தவணை தீர்ந்த நிலங்கள் பல மறுபடி ஏருக்கு வந்தன; 2014-ம் வருஷத்துச் சட்டமும் மொத்த அளவை 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகக் குறைத்தது. பத்து வருஷத்தில் வேரூன்றிய புல்லை ஒரு பருவத்து உழவு அழித்துவிடும். இதற்கு மாறாக, 1930-களில் சர்க்கார் விலை கொடுத்து வாங்கிய நிலங்கள் பாக்கா முதலிய கவுண்டிகளில் கோமாஞ்சி தேசியப் புல்வெளி என்ற பெயரால் இன்றும் புல்லாகவே உள்ளன. சுற்றுப்புறத்துக் கால்நடைக்காரர்கள் அனுமதிச்சீட்டுப் பெற்று அங்கே மாடு மேய்த்து வருகின்றனர்.