கருக்குமட்டை கீறிய காலும் வயசான காவல்காரரும்

போன வருசம் கும்பப்பூ நடவுக்கு முன்னால் தோப்பு வேலியைச் சரிசெய்தோம். பனையின் கருக்குமட்டைகளை வரிசையாக நட்டுக் கட்டுகிற வேலை. எனக்கு வயது 66. கூட நின்ற தம்பிக்கு 24. அன்றைக்கு ரெண்டு பேருக்குமே கெண்டைக்காலில் கருக்கு கீறிவிட்டது, ஏறக்குறைய ஒரே ஆழத்தில். சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டோம். ஐந்தாம் நாள் அவன் காலில் பொருக்கு உதிர்ந்துவிட்டது. எனக்கு மூன்று வாரம் ஆச்சு.

"சாரே, உங்களுக்கு இன்னும் ஆறலியா? எனக்குத் தடமே இல்ல, பாத்தியளா" என்றான்.

வங்கியில் 34 வருசம் கணக்குப் பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு உதைத்தது. ஒரே மட்டை, ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். போதாததற்கு, ரசாயனம் தொடாத சாப்பாடு சாப்பிடுகிறவன் நான். அவன் பரோட்டாப் பிரியன். சர்க்கரை இருக்குமோ என்று ரத்தம் பார்த்தேன், இல்லை. மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், உங்களுக்கு 66 வயசுன்னா உங்க உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரருக்கும் 66 வயசுதானே!"

அந்த ஒரு வரிதான் என்னைப் படிக்க வைத்தது. படித்ததில் நம்மைப் போன்ற உழவர்களுக்கு ஆகிறதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காவல்காரரை முதலில் கண்டவரும் முள்ளை வைத்துத்தான் கண்டார். 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரை ஊரில், எலி மெச்னிகாவ் என்ற ரஷ்ய அறிவியலாளர் நட்சத்திர மீனின் குஞ்சுப் புழுவுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் நகரும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் பற்றிய அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முதுமைக்கும் இந்தச் செல்களுக்கும் தொடர்பு உண்டு என்று அன்றைக்கே அவர் எழுதினார். குடலில் உண்டாகும் நஞ்சுதான் முதுமைக்குக் காரணம், புளித்த பால் குடித்தால் ஆயுள் நீளும் என்றும் சொன்னார். மோர் குடிக்கிற நமக்குக் கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரே 71 வயதில் காலமானார். மோர் நல்லதுதான், அதற்காக அது ஆயுள் பத்திரம் ஆகிவிடாது.

சரி, வயதானால் காவலுக்கு என்னதான் ஆகிறது? "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நடப்பது இரண்டு காரியம்.

முதல் காரியம், புது ஆள் எடுப்பு நின்றுபோவது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல் என்கிற வெள்ளணுக்களுக்கு அதுதான் பயிற்சிக் கல்லூரி. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று அங்கேதான் கற்றுக்கொள்கின்றன. 1961இல் ஜாக் மில்லர் என்பவர் பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து இதை எடுத்துப் பார்த்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. அந்த எலிகள் தொற்றைத் தாங்க முடியாமல் செத்தன. சின்ன வயதில் பெரிதாக இருக்கும் இந்தச் சுரப்பி, வாலிபம் தாண்டியதும் சுருங்கிக் கொழுப்பாக மாறுகிறது. வங்கி மொழியில் சொன்னால், இருபது வருசமாக ஆள் எடுக்காத கிளை. பழைய வாடிக்கையாளரை எல்லாம் முகம் பார்த்தே தெரியும். புதிதாக ஒரு மோசடிக்காரன் வந்தால் பிடிக்கத் தெரியாது. புதுக் கிருமிகள் முதியவர்களை அதிகம் தாக்குவதற்கும், தடுப்பூசி அவர்களிடம் சற்றுக் குறைவாக வேலை செய்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது காரியம் இதற்கு நேர்மாறு. திருடன் வராதபோதும் காவல்காரர் விசிலை ஊதிக்கொண்டே இருப்பார். உடம்பில் உமியில் விழுந்த கங்கு போல, வெளியே தெரியாத ஓர் அழற்சி புகைந்துகொண்டே கிடக்கும். 2000ஆம் ஆண்டில் இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் அவருடைய குழுவினரும் இதற்கு 'முதுமை அழற்சி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். தொப்பைக் கொழுப்பும், கவனிக்காத ஈறு நோயும், செத்தும் சாகாமலும் கிடக்கிற கிழட்டுச் செல்களும் இந்தக் கங்கை ஊதிவிடுகின்றன. மாரடைப்பு, சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், மறதி நோய் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு காணப்படுகிறது.

ஆகவே 'எதிர்ப்பு சக்தியை ஏற்றுங்கள்' என்று விற்கிற லேகியத்தையும் பொடியையும் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: எந்த சக்தியை ஏற்றப் போகிறீர்கள்? புகைகிற கங்கையா?

நம் தமிழ்நாட்டிலேயே இதுபற்றி ஓர் ஆய்வு நடந்தது. 2020 கொரோனா காலத்தில், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 60 முதல் 80 வயது வரையுள்ள 54 பேருக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டு, போடாத 28 பேரோடு ஒப்பிட்டார்கள். பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற அதே ஊசிதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பல பொருட்கள் குறைந்திருந்தன. முடிவு 2021இல் வெளிவந்தது. வயசான காவலையும் ஓரளவு பழக்கி எடுக்கலாம் என்பதற்கு இது ஒரு அடையாளம்.

உடனே பி.சி.ஜி. போட ஓடிவிடாதீர்கள். ஆய்வு சிறியது, பார்த்ததும் ஒரு மாதக் கணக்குதான். நெதர்லாந்தில் முதியவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் பி.சி.ஜி.யால் கொரோனா குறையவில்லை. 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கி 15 வருசம் தொடர்ந்த பெரிய சோதனையிலும், இந்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்றுதான் தெரிந்தது. ரத்தத்தில் ஓர் அளவு குறைவது வேறு, ஆள் பிழைப்பது வேறு.

உழவர்களுக்கு உற்சாகமான சேதியும் உண்டு. இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையுள்ள, ஆயுள் முழுக்க சைக்கிள் மிதித்த 125 பேரைப் பரிசோதித்தார்கள். 2018இல் வந்த முடிவுப்படி, அவர்களுடைய தைமஸ் இளவட்டங்களுக்கு ஈடாகப் புது டி செல்களை அனுப்பிக்கொண்டிருந்தது. வரப்பில் நடப்பதும் மம்பட்டி பிடிப்பதும் வீண்போகாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2025இல் வந்த இன்னோர் ஆய்வு பொலிவியக் காட்டில் வேட்டையும் பயிருமாக வாழும் சிமானே மக்களையும், மலேசியாவின் ஒராங் அஸ்லி மக்களையும் பார்த்தது. அவர்களுக்குத் தொற்றுகளால் அழற்சி அதிகம். ஆனால் இத்தாலி, சிங்கப்பூர் முதியவர்களைப் போல அது வயதோடு ஏறவில்லை, நாள்பட்ட நோய்களோடும் ஒட்டவில்லை. முதுமை அழற்சி தலையெழுத்து அல்ல, வாழும் விதத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே சிமானே மக்களில் பலர் தொற்று நோயால் இளமையிலேயே இறந்துபோகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் 78 வயது அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பாரம்பரிய நெல்லை விடாமல் காத்து வந்தவர். "நிமோனியாவுக்கு ஊசி போடச் சொல்லுதாரு டாக்டரு, போடவாடே?" என்று என்னிடம் கேட்டார். "நம்ம சாப்பாடே மருந்து, ஊசி எதுக்கு அண்ணாச்சி?" என்றேன். அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் கஞ்சி வேண்டாம் என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது. காய்ச்சல் இல்லை. வேலைக் களைப்பு என்று நினைத்து எல்லாரும் இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரெண்டு பக்க நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் மாதிரி பேசினேனே, அது என் கணக்கில் இன்னும் பற்றாகவே நிற்கிறது.

2021 மதிப்பீட்டில், அறுபது தாண்டியவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு 16.5, தமிழகத்தில் 13.6. நம் கூட்டங்களிலும் நரைத்த தலைகள்தான் அதிகம். அதனால் சில காரியங்களைச் செய்வோம்.

முதியவருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் காட்டாமலே இருக்கலாம். திடீர்ச் சோர்வு, சாப்பாடு வேண்டாமை, குழப்பமான பேச்சு இருந்தால் நாள் கடத்தாதீர்கள். வயலில் இறங்கியவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலை நினைத்துப் பார்க்க உதவும்.

காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். ரணஜன்னிக்கான ஊசியைப் பத்து வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிமோனியா ஊசி, வருசத்துக்கு ஒரு ஃபுளூ ஊசி உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், என்னைப் போன்ற ஆட்களிடம் கேட்காதீர்கள். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். பீடி, வெற்றிலைப் புகையிலையை விடுங்கள். தொப்பையைக் குறையுங்கள். ராத்திரி நன்றாகத் தூங்குங்கள்.

பூச்சியே இல்லாத வயல் நல்ல வயல் என்று நாம் சொல்வதில்லை. சிலந்தியும் தட்டானும் அதனதன் அளவில் இருந்தால்தான் நெல் பிழைக்கும் என்பது நம் அனுபவம். அதற்காகக் குருத்துப்பூச்சி வந்திருக்கிறதா என்று பார்க்காமலும் இருப்பதில்லை. தினமும் வரப்பில் நடந்து பார்க்கிறோம். வீட்டுத் திண்ணையில் இருக்கிற பாட்டாவையும் பாட்டியையும் அதே கண்ணோடு தினமும் ஒரு நிமிசம் பாருங்கள்.

என் காலில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. இப்போது வேலி கட்டும்போது முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள்கிறேன். தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.