ஆவாரம்பட்டையின் காவல்

பாலாற்றின் வறண்ட கரைகளில் மஞ்சள் பூக்களோடு நிற்கும் செடி ஆவாரை. அது பூத்திருக்கும் ஊரில் சாவு ஏது என்னும் பொருளில் ஒரு பழமொழியும் வழங்குகிறது. சித்த மருத்துவர் அதன் பூவை நாடினர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோல் தொழிலாளர் அதன் பட்டையை நாடினர்.

உரித்த தோல் ஓரிரு நாளில் அழுகத் தொடங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பல வாரங்கள் கிடந்த தோலோ ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இம்மாற்றத்தைச் செய்வது பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்பொருள். வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் இதனால்தான். உமிழ்நீரின் புரதங்களைத் துவர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. தோலிலும் நிகழ்வது அதுவே. தோலின் முதன்மைப் புரதம் கொலாஜன். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். அவர்கள் ஆராய்ந்த கொலாஜனைத் தந்துதவியது, 1948இல் தொடங்கப்பெற்ற சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது பலர் அறியாத செய்தி. துவர்ப்பொருளின் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்துள்ளன. அவை கொலாஜன் இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்து, அங்கிருந்த நீரை வெளியேற்றுகின்றன. அதன்பின் நுண்ணுயிரிகளால் அப்புரதத்தை எளிதில் சிதைக்க இயலாது.

இதே ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு மற்றொரு பண்பும் உண்டு. இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட தனி உறுப்புகள், அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைப்பவை. துவர்ப்பொருள் தன் ஹைட்ரஜனை அவற்றுக்கு ஈந்து அடக்கிவிடுகிறது. எனவே அது சிறந்த எதிர் ஆக்சிஜனேற்றியாகும். இதனைக் கண்ணாலேயே காணலாம். டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசலில் பட்டைச்சாற்றைச் சேர்த்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படும் அளவு எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு செயல்திறனைக் கணிப்பர். ஆனால், குடுவையில் வென்ற சாறெல்லாம் உடலில் மருந்தாகிவிடும் என எண்ணுதல் தவறு. செரிமானத்தைக் கடந்து குருதியை எட்டுவது எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

பட்டை வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்தது. தொழிலும் அதன்பக்கம் சாய்ந்தது. அதற்குரிய விலையைப் பாலாறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் +3 நிலையில் உள்ளது. வெப்பத்தாலும் ஒளியாலும் அதில் ஒரு சிறுபகுதி ஆக்சிஜனேற்றமடைந்து, புற்றுநோய் விளைவிக்கும் +6 நிலையை அடையக்கூடும். தோலின் மேற்பரப்பைத் தொடும் தோல்பொருள்களில், ஒரு கிலோகிராம் தோலுக்கு +6 குரோமியம் 3 மில்லிகிராமை எட்டலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பாவுக்குக் காலணி அனுப்பும் ஆம்பூருக்கு இது வாழ்வாதாரச் சிக்கல். இங்கேதான் பழைய துவர்ப்பொருள் மீண்டும் உதவிக்கு வருகிறது. குரோமியத்தால் பதனிட்ட தோலைத் தாவரச் சாற்றில் மறுபதனம் செய்தால், ஆக்சிஜனேற்றத்தைத் துவர்ப்பொருள் தான் ஏற்றுக்கொண்டு குரோமியத்தை +3 நிலையிலேயே காக்கிறது.

தாவரப் பதனமும் மாசற்றதன்று. அதன் கழிவுநீர் ஆற்றில் கலந்தால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைத்துவிடும். தோலைக் கெடாமல் வைக்கத் தூவும் கறியுப்போ, எம்முறையில் பதனிட்டாலும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. அதனைப் பிரித்தெடுக்கப் பட்டையால் இயலாது; அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும்.