உங்களுக்குத் தெரியுமா? - சி.டி.ஓ. ஸ்பெஷல்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக் கம்பெனி பஸ்களைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலருக்கு, வேலை தேடாமல் வேலை கொடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்திருக்கிறது. பட்டுச் சேலையை ஆன்லைனில் விற்கலாம், தறிக்கு டிசைன் போட சாஃப்ட்வேர் செய்யலாம். சரி, டெக்னிக்கல் பக்கத்தைப் பார்க்கும் சி.டி.ஓ. (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) யார்? அங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

★ 2010-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கியபோது கிரீஷ் மாத்ருபூதத்துடன் இணைந்து தொழில்நுட்பப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஷான் கிருஷ்ணசாமி. விளம்பரம் கொடுத்துப் பிடித்த ஆள் இல்லை. இருவரும் ஜோஹோவில் வேலை பார்த்தவர்கள். சென்னையில் பிறந்த அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது.

★ ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியும் அப்படித்தான். 2013-இல் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். மேத்தா சி.இ.ஓ., ஜெயின் சி.டி.ஓ. பயோடேட்டாவுக்கு இரண்டு கதையிலும் வேலையே இல்லை.

★ பழகிய ஆளோடு கூட்டுச் சேர்வதில் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதுமை ஒன்றும் இல்லை. கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. தறியில் நெசவாளி ஒருவர், ஓரத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர். நெய்பவரின் கைவேகம் தெரியாதவர் உதவிக்கு உட்கார்ந்தால் கரையும் உடலும் ஒட்டுமா?

★ 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு ஜோஹோவின் சி.இ.ஓ. பதவியை விட்டு 'தலைமை விஞ்ஞானி' ஆனார். சி.இ.ஓ. நாற்காலிக்கு வந்த சைலேஷ் டேவி வெளியாள் இல்லை, கம்பெனியின் இணை நிறுவனர்களில் ஒருவர். ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டும் என்று முதலாளியே நிர்வாகத்தை விட்டுக்கொடுத்ததை நம் தொழிலதிபர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

★ 2000-களின் தொடக்கத்தில் கூகுள் ஒரு சோதனை செய்தது: இன்ஜினியர்களுக்கு மேனேஜரே வேண்டாம்! சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. செலவுக் கணக்கு, ஆளுக்கு ஆள் மனஸ்தாபம் எல்லாம் நேராக லாரி பேஜ் மேஜைக்கே போய் நின்றன. பிறகு அதே கூகுள், நல்ல மேனேஜர் என்றால் யார் என்று உள்ளுக்குள் ஆராய்ந்து எட்டுக் குணங்களைப் பட்டியலிட்டது. டெக்னிக்கல் திறமைக்கு அதில் எட்டாவது இடம். நன்றாகக் கோட் எழுதுகிறார் என்பதற்காகவே ஒருவரை டீமுக்குத் தலைவராக்குமுன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

★ சம்பளம் கொடுக்கக் காசில்லை, பங்கு தருகிறேன் என்கிறீர்களா? பங்குச்சந்தையில் ஏறாத கம்பெனி ஊழியருக்குப் பங்கு வாங்கும் உரிமை கொடுத்தால், குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் அது அவர் கைக்கு வரும். 2014-ஆம் ஆண்டு கம்பெனி விதி அப்படி. நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது ஸ்டார்ட்அப்களின் வழக்கம். மூன்றாம் மாதமே சண்டை போட்டுக்கொண்டு போகிறவர் பங்கோடு போகக்கூடாது அல்லவா!

★ 'எங்களை விட்டுப் போனால் இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது' என்று சி.டி.ஓ.விடம் எழுதி வாங்கினால் செல்லுமா? செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை வெற்றுக் காகிதம் என்கிறது. ரகசியத்தைக் காக்கச் சொல்லலாம். வேலை பார்க்காதே என்று சொல்ல முடியாது.

★ எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இந்தியச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு! கதை, கவிதைக்கு உள்ள அதே காப்புரிமைதான் அதற்கும். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. ஆனால் மச்சானின் நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உங்கள் சேலைக்கடைக்கு ஆப் எழுதித் தந்தால், பொதுவாக அந்த ஆப்பின் காப்புரிமை அவருக்குத்தான். நீங்கள் கொடுத்த பணம் கூலி. உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எழுதினாலும் முழுசாக எழுத வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த ஊருக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூர், மலேசியாவில் சேலை விற்க நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின்னால் முதலீட்டாளர் வந்து, 'கோட் யார் பெயரில்?' என்று கேட்கும்போது நண்பர் கனடாவில் இருப்பார்.

ஏற்கெனவே ஆப் ஓடிக்கொண்டிருக்கிறதா? எழுதியவர் போன் எடுக்கும் காலத்திலேயே ஒரு வக்கீலை வைத்துக் காலமும் இடமும் குறிப்பிட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.