வலிக்கும்போது வாயில் வருவது

கதவிடுக்கில் விரல் நசுங்கினால், பலருக்கு மறு நொடியே வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிடும். அது வலியைத் தாங்க உதவுமா? இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்கள் பனிக்கட்டிபோல் குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தி, முடிந்தவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை, வசைச்சொல் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. இன்னொரு முறை, மேசையை வருணிக்கும் சாதாரணச் சொல்லைச் சொல்லிக்கொண்டு. 2009-இல் முடிவு வெளியானது. வசைச்சொல் சொன்னபோது சராசரியாக ஏறத்தாழ 40 நொடி கூடுதலாகத் தாங்கியிருந்தார்கள். இதயத் துடிப்பும் கூடியிருந்தது. ஆபத்தை எதிர்கொள்ள உடல் ஆயத்தமாகும் நிலையை அந்தச் சொல் தூண்டுகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

 

2011-இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. அன்றாடம் அதிகமாகக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு இந்தப் பலன் குறைந்துபோயிருந்தது. 2020-இல், வசைச்சொல் போலப் புதிதாகப் புனைந்த சொற்களைச் சொல்லவைத்தும் பார்த்தார்கள். அவை வலியைத் தாங்கத் துளியும் உதவவில்லை.