யூரியா: வயலுக்கு உரம், தோலுக்குச் செய்தி

ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்றிருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே கேரளத்தில் பொழிந்துவிடுகிறது. பிறகு மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது வெப்பமடைந்து, வறண்ட காற்றாகத் தேனிப் பக்கம் வீசுகிறது. ஆண்டிபட்டிப் பகுதியில் காற்றாலைகளைச் சுழற்றுவது இந்தக் காற்றுதான்.

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் முதல் போக வேலைகள் நடக்கும் காலமும் இதுவே. பகலெல்லாம் சேற்றிலும் நீரிலும் ஊறிய கைகால்கள், கரையேறியதும் வறண்ட காற்றில் காய்கின்றன. நனைவதும் காய்வதுமாகச் சில வாரங்கள் சென்றால், உள்ளங்கை சொரசொரப்பாகிறது. குதிகாலில் பித்தவெடிப்பு தோன்றுகிறது. உழைக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் கிருமிகளுக்குத் திறந்த வாசல். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது காலையே இழக்கும் நிலை வரை கொண்டுபோய் விடலாம்.

அதே வயலில் கையால் தூவப்படும் பொருள் யூரியா. ஈரக் கையில் அதை அள்ளியவர்களுக்குத் தெரியும், கை சில்லென்று குளிரும். யூரியா நீரில் கரையும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவதே இதற்குக் காரணம். இயற்பியல் வகுப்பில் இதை ஓர் எளிய சோதனையாக நான் காட்டுவதுண்டு. ஆனால் இதே மூலக்கூறு நம் தோலுக்குள் செய்யும் வேலை, இந்தக் குளிர்ச்சியைவிட வியப்பானது.

செங்கலும் சாந்தும்

நம் தோலின் மேற்புற அடுக்கு மிக மெல்லியது. முன்கையில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் இது பல மடங்கு தடித்திருக்கும். உடலிலுள்ள நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது இந்த அடுக்கே. இதை ஒரு சுவராக எண்ணிப் பாருங்கள். கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து.

கெரட்டின் இழைகளைச் சேர்த்துக் கட்டுவது ஃபிலக்ரின் என்ற மற்றொரு புரதம். கட்டும் வேலை முடிந்ததும் அது அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. அவை நீரை ஈர்த்துப் பிடித்து, தோலை மெத்தென்று வைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றான அர்ஜினின் மேலும் சிதையும்போது கிடைப்பது யூரியா! வியர்வையிலிருந்தும் தோலுக்கு யூரியா கிடைக்கிறது. தோலின் இயற்கையான ஈரங்காக்கும் பொருள்களில் ஏறத்தாழ 7 சதவீதம் யூரியாதான். நாள் முழுவதும் நீரில் ஊறும்போது கரைந்து வெளியேறுவது இந்தப் பொருள்களே.

மதகு திறக்கும் மூலக்கூறு

ஃபிலக்ரினைச் செய்வதற்கான குறிப்பு ஒரு ஜீனில், அதாவது மரபணுவில், இருக்கிறது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்த மரபணு பழுதானவர்களுக்குத் தோல் செதில் செதிலாக வறண்டுபோவதையும், கரப்பான் நோய் எளிதில் வருவதையும் கண்டறிந்தனர்.

மரபணு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது வேலை செய்யவும் வேண்டும். அணையில் நீர் இருந்தாலும் மதகைத் திறந்தால்தானே வயலுக்குப் பாயும்? அதுபோல, நம் செல்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் இருப்பினும், அந்தந்த இடத்திற்குத் தேவையானவையே திறக்கின்றன. எது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைச் செல்லுக்கு வரும் வேதிப்பொருள்கள் தீர்மானிக்கின்றன.

யூரியா அத்தகைய ஒரு வேதிப்பொருள் என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகர ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. யூரியா தனக்கென அமைந்த வாயில்கள் வழியே தோல் செல்லுக்குள் நுழைகிறது. அங்கே ஃபிலக்ரின், லோரிக்ரின் போன்ற செங்கல் புரதங்களின் மரபணுக்கள் அதிகமாக வேலை செய்யத் தொடங்குகின்றன. சாந்துக் கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகளும், கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களும் கூடுகின்றன. ஃபிலக்ரின் சிதைந்து யூரியா பிறக்கிறது. யூரியா மீண்டும் ஃபிலக்ரினைப் பெருக்குகிறது. எவ்வளவு அழகான சுழற்சி!

அளவே மருந்து

அப்படியானால் மூட்டையிலுள்ள யூரியாவைக் கரைத்துப் பூசலாமா? கூடவே கூடாது. உர யூரியாவில் பையூரெட் என்ற கலப்புப் பொருள் இருக்கிறது. 2015 முதல் நம் நாட்டில் அதன்மீது வேப்பெண்ணெய்ப் பூச்சும் இடப்படுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, அளவு முக்கியம். 10 சதவீதம் யூரியா கலந்த களிம்பு ஈரத்தைக் காக்கும். 40 சதவீதமாக இருந்தால் அது கெரட்டினைத் தளர்த்திவிடும். நோயுற்ற நகத்தை மென்மையாக்கி அகற்ற மருத்துவர்கள் பயன்படுத்துவது அந்த அளவைத்தான். பத்து சதவீதக் களிம்பு மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. ஆழமான வெடிப்பில் இட்டால் எரியும். குழந்தைகளுக்கும், புண் உள்ளவர்களுக்கும், நீரிழிவு நோயாளிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

வயலிலிருந்து வந்ததும் துணி சோப்பால் கையைத் தேய்க்கும் பழக்கத்தையும் விடவேண்டும். சலவைப் பொருள்கள் சாந்துக் கொழுப்பைக் கரைப்பதோடு, தோலரண் மரபணுக்களின் வேலையையும் மாற்றுகின்றன. மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் களிம்பைத் தடவுங்கள். களிம்பு இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயாவது தடவலாம். அது ஈரம் ஆவியாவதைக் குறைக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். அடித்தளத்தில் பிறக்கும் தோல் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. இன்று திறக்கும் மதகின் பயன் முழுமையாகத் தெரிய அத்தனை நாள் பொறுக்க வேண்டும். ஆகவே இரண்டு நாள் தடவிவிட்டு, பயனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நடவு தொடங்கும் நாளிலேயே தொடங்குங்கள். உங்கள் வீட்டில் வயலுக்குச் செல்லும் அம்மாவுக்கும் அத்தைக்கும் சொல்லுங்கள்.