வடிவும் ஃபோர்மோசுசும்

"பனி விலகும்பொழுது எங்கள் தேயிலை மலை வடிவாய் இருக்கும்" என்று மாணவி ஒருத்தி கட்டுரையில் எழுதியிருந்தாள். நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டமொன்றின் லயத்திலிருந்து பள்ளிக்கு வருபவள் அவள். 'வடிவாய்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'அழகாய்' என மேலே எழுதினேன். "வடிவு பிழையா, ஐயா?" என்று வினவினாள். எனக்கு உடனே விடை எழவில்லை. பின்னர் அதனை இலத்தீன் மொழியிற் கண்டேன்.

இலத்தீனில் 'ஃபோர்மா' என்பது வடிவம். அதனடியாகப் பிறந்த பெயரடை 'ஃபோர்மோசுஸ்'. ஈற்றிலுள்ள 'ஓசுஸ்' நிறைவைக் குறிக்கும் விகுதி. வடிவு நிறைந்தது யாது, அதுவே அழகியது என்பது கருத்து. தமிழிலும் வடிவு என்னுஞ் சொல் உருவத்தையும் அழகையும் ஒருங்கே உணர்த்துகின்றது. திருவொற்றியூரில் எழுந்தருளிய அம்மைக்கு வடிவுடையம்மை என்பது திருப்பெயர். உருவம் எப்பொருட்கு இல்லை? ஆயினும் வடிவுடையாள் என்றவிடத்து நாம் அழகையன்றோ கொள்கின்றோம்!

அழகியதைக் கூற இலத்தீனில் 'புல்கெர்' என்ற வேறொரு சொல்லும் இருந்தது. மயிற்கொன்றையின் தாவரவியற் பெயரில் வரும் 'புல்கெரிமா' அதன் மிகையுயர்வு வடிவமே. முன்னோர் அச்சொல்லை மூச்சொலியின்றி உரைத்தனர் என்பதைச் சிசெரோ அறிவார். எனினும் மக்கள் மூச்சொலியோடு வழங்கக் கண்டு தாமும் அவ்வாறே உரைக்கலாயினார். வழக்கை மக்களுக்கு விட்டுக்கொடுத்து, அறிவைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டதாகக் கி.மு. 46இல் இயற்றிய 'ஓராத்தோர்' என்னும் நூலிற் கூறுகின்றார்.

காலப்போக்கில் புல்கெர் மக்கள் நாவினின்று நீங்கியது. ஃபோர்மோசுசோ, போர்த்துக்கேயத்தில் 'ஃபோர்மோசோ' எனவும், ஸ்பானியத்தில் 'எர்மோசோ' எனவும், ருமேனியத்தில் 'ஃப்ருமோஸ்' எனவும் இன்றும் வாழ்கின்றது. தைவான் தீவுக்குப் போர்த்துக்கேய மாலுமிகள் இட்ட பெயர் 'ஃபோர்மோசா', அழகிய தீவு என்பதாம். அத்தீவின் தேயிலையும் அப்பெயராலேயே உலகச் சந்தையில் விலைபோயிற்று. நம் மலைநாட்டுத் தேயிலையை 'வடிவுத் தேயிலை' என்றழைத்தாற் போல்வது அது.

எச்சொல் நிலைபெறும் என்பதைப் புலவர் மட்டும் முடிவுசெய்வதில்லை. தொல்காப்பியப் பாயிரம் செய்யுளோடு உலக வழக்கையும் ஒப்பப் போற்றுகின்றது. இதனைப் பல்லாண்டு கற்பித்த யானே, உலக வழக்கிலும் நூல் வழக்கிலும் வேரூன்றிய சொல்லொன்றை அடித்துவிட்டேன்.

மறுநாள் அவளது கொப்பியை வாங்கினேன். 'அழகாய்' என்று யான் எழுதியதை அடித்து, 'வடிவாய் என்பதே இருக்கட்டும்' எனக் குறித்துக் கையொப்பமிட்டேன்.